வாசித்தவர் தையல்நாயகி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடியது. ஒரு கேசட்டிலிருந்து, அதை வைத்திருந்தவளின் சம்மதத்தோடு.

[சம்மதம் இருந்தால் அது திருட்டா என்று கேட்பீர்கள். "எழுதிக்கோங்க மேடம், ஆனா ஒண்ணும் வுடாதீங்க" என்று அவள் சொன்னாள். ஒன்றை விட்டாலும் திருட்டுத்தான்.]

அவள் பெயர் சரளா. பிறவியிலேயே பார்வை இல்லை. கோவளத்துப் பக்கம் மீன்காரக் குடும்பம். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். தாம்பரம் சானடோரியம் அருகே வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் தங்கி, தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். 1990இல் வேறொரு கதைக்காக, முகம் தெரியாத குரல்களோடு நாள் முழுக்கப் பேசுவது எப்படியிருக்கும் என்று கேட்கத்தான் அவளிடம் போனேன். அவள் ஒரு கேசட்டைப் போட்டாள்.

ஒரு பெண், பழைய காவியம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். எந்தக் காவியம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் கும்பிடுவீர்கள். இரண்டும் இந்தக் கதைக்கு உதவாது. ஒரு பாட்டின் நடுவில் அந்தக் குரல் அறுந்தது. டப் என்று ஒரு சத்தம். பிறகு ஓர் ஆண் குரல்: "ஓடுதா சார்?"

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிச்சிட்டீங்களா?" என்றாள் சரளா. "நானும் மொதல்ல சிரிச்சேன். கேளுங்கோ, இன்னும் கீது."

இன்னும் என்ன இருந்தது என்பது நான்காம் பகுதியில் வரும். அந்த நான்காம் பகுதியை எடுத்துவிட்டால் கதையைப் போடுவதாக ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னார். அதனால்தான் நீங்கள் இதை அந்தப் பத்திரிகையில் படிக்கவில்லை.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இந்தக் கதையில் எதையாவது விட்டால், விட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் விடுவேன். அடித்த வாக்கியங்கள் அடித்த இடத்திலேயே கிடக்கும். அழகாக இருக்காது. பரவாயில்லை.

2

வாசித்த பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் முன்பு வாசித்த வேறொரு புத்தகத்தின் கடைசிக் கேசட்டின் முடிவில் வரும் பெயரும் சரளா சொன்னவையும்தான் என்னிடம் இருக்கின்றன. மற்றபடி அவளை நான்தான் உருவாக்க வேண்டும். மூன்று முறை தொடங்கினேன்.

தொடக்கம் ஒன்று: "விடியும் முன்பே எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்த தையல்நாயகி..." வேண்டாம். எல்லாப் பெண்களையும் வாசலில் நிறுத்தி, கையில் ஒரு வாளியைக் கொடுத்துத்தான் கதையைத் தொடங்குகிறோம்.

தொடக்கம் இரண்டு: "பாதியில் நின்றுபோன படிப்பு தையல்நாயகியின் மனத்தில் ஓர் ஏக்கமாக..." ஏக்கம் என்று எழுதியதும் எனக்கே கோபம் வந்தது. நான் கேட்ட குரலில் ஏக்கம் இல்லை. காய்கறிக்காரரிடம் எடை சரியில்லை என்று வாதாடும் குரல் அது. ஒவ்வோர் அடியையும், மறுத்துப் பேசத் துணிச்சல் உண்டா என்று கேட்பதுபோல முடித்தாள்.

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்:

தையல்நாயகி மின்விசிறியை நிறுத்தினாள்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அவள் கணவர் ஜெயவேலுவின் கடை. சிமெண்ட், ஆணி, பெயிண்ட், குழாய். அவர் குடும்பத்துக்கு அந்தப் பக்கத்தில் முன்பு நெல் வயல் இருந்தது. அதெல்லாம் மனைகளாகி, ஏதேதோ நகர் என்று பெயர் வாங்கிவிட்டது. கடைக்கு மேலே இருந்த அறையை அவர், பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் கேசட்டில் பதிவுசெய்யும் ஒரு சங்கத்துக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார். வாசிப்பவர்கள் எல்லாம் சம்பளமில்லாத் தொண்டர்கள். வீட்டுக்காரரின் மனைவி என்பதால் தையல்நாயகிக்கும் ஒரு புத்தகம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு கடினமான புத்தகமெல்லாம் அவளுக்கே வந்தது.

சத்தம் புகாமலிருக்கச் சுவர்களில் பழைய ரஜாய்களை, பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளை, தொங்கவிட்டிருந்தார்கள். விசிறி ஓடினால் காற்று பதிவாகும் என்பதால் நிறுத்திவிட வேண்டும். விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் கிளம்பினால் நிறுத்த வேண்டும். லாரி ஹாரன் அடித்தால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்த அடியை மறுபடி வாசிக்க வேண்டும். இருமக் கூடாது. வியர்வை புத்தகத்தில் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் முடிந்ததும், கடைசிக் கேசட்டின் கடைசியில், சங்கத்தின் வழக்கப்படி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "இத்துடன் இந்நூல் முழுமையாக நிறைவு பெற்றது. வாசித்தவர்," பிறகு வாசித்தவரின் பெயர். கடையில், தெருவில், ரேஷனில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அவள் ஜெயவேலு சம்சாரம். தன் பெயரை அவள் சத்தமாகச் சொன்ன இடம் அந்த ரஜாய்களுக்கு நடுவில் மட்டும்தான்.

[இந்தக் கடைசி வரி என் கற்பனை. ஆனால் அதை நம்பித்தான் மேலே எழுதுகிறேன். அந்த வேறொரு புத்தகத்தின் முடிவில் தன் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் அரை நொடி தாமதிப்பதை நான் கேட்டேன். வெட்கமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.]

3

காவியத்தின் நடுவில் ஒரு படலம் இருக்கிறது. பெண்கள் மது அருந்துகிறார்கள். கணவர்களோடு ஊடுகிறார்கள், கூடுகிறார்கள். ஆடையும் அறிவும் நழுவுகின்றன. நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தமிழாசிரியை அந்தப் பக்கங்களை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "அடுத்தது" என்றார். அன்று மாலையே நூலகத்தில் அதை எடுத்துப் படித்துவிட்டேன். எனக்குக் கண் இருந்தது. அவர் விரல் எந்தப் பக்கத்தைத் தாண்டியது என்று பார்த்து வைத்திருந்தேன்.

காதால் படிப்பவளுக்கு யாரோ தாண்டினார்கள் என்பதே தெரியாது. இந்த விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

சங்கத்தின் செயலாளர் ராஜகோபால், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. [அவரைக் கெட்டவராக ஒரு வரைவு எழுதினேன், மூக்குப்பொடி எல்லாம் போட்டு. கிழித்துவிட்டேன். மழையிலும் கேசட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தபாலாபீசுக்குத் தூக்கிப் போகிற மனிதர் அவர்.] தையல்நாயகி வாசித்ததைச் சரிபார்க்கக் கேட்டவர், மறுநாள் படியேறி வந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. அந்தப் படலம் மட்டும் வேணாம்."

"ஏன் சார்? உச்சரிப்பு ஏதாவது?"

"உச்சரிப்பெல்லாம் பர்ஃபெக்ட். கேக்கறவங்க வயசுப் பிள்ளைங்க இல்லியா? பொண்ணுங்க வேற."

"எழுதினவருக்கு அது தெரியாதா சார்?"

"அவர் கண்ணு தெரிஞ்சவங்களுக்கு எழுதினார்மா."

"சபையில உக்காந்து காதால கேக்கறவங்களுக்குத்தான் சார் எழுதினார்."

ராஜகோபால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விசிறி நின்றிருந்தது.

"சரி, அந்த விவாதம் வேணாம். அந்த எடத்தைத் தாண்டிட்டு அடுத்த படலத்துக்குப் போயிடுவோம். கடைசில வழக்கம்போல 'முழுமையாக'ன்னு சொல்லி முடிச்சிடுங்க. முழு நூலா இருந்தாத்தான் மத்த ஊர் நூலகங்கள்ல எடுத்துப்பாங்க."

"தாண்டிட்டு முழுமையாகன்னு எப்படி சார் சொல்றது?"

"யாருக்குத் தெரியப் போவுது?"

"வாசித்தவர் தையல்நாயகின்னு நான்தானே சார் சொல்லணும்? நீங்க சொல்லப் போறதில்லியே."

"இவ்ளோ பிடிவாதம்னா வேற யாரையாவது வெச்சு மொதல்லேருந்து படிக்க வேண்டியதா போயிடும்மா. உங்க ஒழைப்பெல்லாம் வீணாயிடும். யோசிச்சுக்குங்க."

அவள் யோசித்தாளா? இங்கே அவள் ஜன்னல் வழியாகத் திருநீர்மலையைப் பார்த்து மனம் கலங்கியதாக ஒரு பத்தி எழுதினேன். இரும்புலியூர் மாடி ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அந்தப் பத்தியை விட்டுவிடுகிறேன். சொல்லிவிட்டேன்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: "வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க சார். நான் படிச்சதுல கை வைக்காதீங்க."

கை வைத்தார்கள்.

4

பரீட்சை நெருங்கியதால் கேசட்டுகள் முடிய முடிய சரளாவுக்கு அனுப்பப்பட்டுவந்தன. அந்தப் படலம் இருந்த கேசட்டை அனுப்புமுன் ராஜகோபாலும், சங்கத்தின் பொருளாளர் துரைராஜும் அறையில் உட்கார்ந்து அதை அழித்தார்கள். கேசட்டை அழிக்க எளிய வழி, அதன்மேல் மௌனத்தைப் பதிவுசெய்வது. சத்தம் விழக் கூடாதென்று ராஜகோபால் கவனமாக மைக்கைக் கழற்றி வைத்தார். வெளி மைக்கைக் கழற்றினால் டேப் ரெக்கார்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சின்ன மைக் விழித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. இதோ, காவியத்தில் அந்தப் படலம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது:

"ஓடுதா சார்?"

"செவப்பு லைட் எரியுது பாருங்க. எரிஞ்சா அழியுதுன்னு அர்த்தம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"அந்தம்மா எவ்ளோ நேரம் படிச்சாங்களோ அவ்ளோ நேரம். உக்காருங்க, டீ ஆறுது."

[டம்ளர் சத்தம்.]

"நல்லாத்தான் படிச்சிக்கிறாங்க சார்."

"நல்லா படிச்சதுதான்யா பேஜாரு. கள்ளு குடிக்கறதை இப்பிடியா படிக்கறது? நமக்கே போதை ஏறுது."

[இருவரும் சிரிக்கிறார்கள்.]

"ஜெயவேலுக்குத் தெரியுமா, சம்சாரம் இதெல்லாம் படிக்கறது?"

"அவருக்கு சிமெண்ட் ரேட்டு தெரியும்."

[மறுபடி சிரிப்பு. இருமல்.]

"இருந்தாலும் சார், பொஸ்தகத்துல கீறதுதானே?"

"துரைராஜ், நீங்களே யோசிங்க. அதுங்களுக்குக் கல்யாணமா, காட்சியா? இல்லாத ஆசையைக் கிளப்பிவிட்டு அப்புறம் என்ன பண்றது? பாவம், அதுபாட்டுக்கு நிம்மதியா இருக்குதுங்க."

"அதுவும் சரிதான்."

"அந்த டெலிபோன் பொண்ணு வேற, எப்போ வரும், எப்போ வரும்னு லெட்டர் மேல லெட்டர்."

[மின்சார ரயில் போகிறது. யாரோ டீயை உறிஞ்சுகிறார்கள்.]

"நாம பேசறது உள்ள விழாதே சார்?"

"மைக்கைத்தான் கழட்டிட்டேனே."

டப்.

பிறகு தையல்நாயகியின் குரல், அடுத்த படலத்தின் முதல் பாட்டில், எதுவும் தெரியாமல், அதே கம்பீரத்தோடு.

பத்திரிகை ஆசிரியர் சொன்னார்: "நல்ல காரியம் செய்றவங்களை இப்படிக் காட்டணுமா? தொண்டு செய்ய யார் வருவாங்க?" நான் அதைப் பல நாள் யோசித்தேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டிருந்தால் சிரித்தபடி மன்னித்திருப்பேனோ என்னவோ. ஆனால் நானே கண் தெரிந்தவர்களின் வர்க்கம்; மன்னிக்க எனக்கென்ன உரிமை? "நிம்மதியா இருக்குதுங்க" என்ற குரலில் பகை இல்லை. அன்புதான் இருந்தது. என் வாழ்க்கையில் என்னிடமிருந்து எடுத்து ஒளித்துவைக்கப்பட்டவை எல்லாம் அந்த மாதிரி அன்போடுதான் ஒளித்துவைக்கப்பட்டன. ஆகவே நான்காம் பகுதி இருக்கும்.

5

சரளா லீவு போட்டுவிட்டு, தன் டேப் ரெக்கார்டரை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி இரும்புலியூரில் இறங்கினாள். மத்தியானம். ஜெயவேலு கல்லாவில் இருந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"தையல்நாயகி வேணும்ணா."

"அது எந்தக் கம்பெனி? நம்மகிட்ட ரெண்டு பிராண்டுதான் இருக்குது."

"சிமெண்ட் இல்லண்ணா. ஆளு. புக்கு படிக்கிறவங்கோ."

ஜெயவேலுவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அட, நம்ம வூட்ல!" என்று எழுந்து உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "தையலு! உன்னைப் பேர் சொல்லிக் கேட்டுக்கினு ஒரு பொண்ணு வந்துகீது!"

தையல்நாயகி வந்தாள். சரளா கூடையிலிருந்து பெட்டியை எடுத்துக் கல்லா மேஜையில் வைத்து, பொத்தானை அழுத்தினாள்.

நான்காம் பகுதி முழுவதும் கடையில் ஓடியது. ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சிமெண்ட் ரேட்டைப் பற்றிய இடம் வந்தபோது ஜெயவேலு, "இது நம்ம ராஜகோபால் சார் குரலாச்சே" என்றார். மேலே அறையிலிருந்த ராஜகோபால், தன் குரல் கீழே தன்னைவிடச் சத்தமாகப் பேசுவதைக் கேட்டு இறங்கி வந்து, கடைசிப் படியில் நின்றார்.

டப்.

"தவறுதலா ஆயிடுச்சும்மா" என்றார்.

"எது சார் தப்பு?" என்றாள் சரளா. "அழிச்சதா, நீங்கோ பேசினது விழுந்துட்டதா?"

"மைக்கைக் கழட்டினேனே..." என்றார் ராஜகோபால். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

"உன் நல்லதுக்குத்தான்மா பண்ணோம்" என்றார் பிறகு.

"சார், எங்கம்மா மீன் கூடைய தலையில வெச்சுக்கினு தெருத்தெருவா போனப்ப, இன்னின்னா பேசுவாங்கோன்னு நான் சின்ன வயசுலேருந்து கேட்டவ. போன்ல நைட் டூட்டில எவனெவன் இன்னா பேசுவான் தெரியுமா? அதெல்லாம் நான் கேக்கலாம். நல்ல தமிழ்ல நாலு பாட்டு மட்டும் கேக்கக் கூடாதா?"

தையல்நாயகி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேசட்டைக் கையில் எடுத்தாள். "கொடும்மா. இவங்க பேசினதை அழிச்சிட்டு, அதே எடத்துல திரும்பப் படிச்சுத் தரேன்."

"அழிக்காதீங்கக்கா" என்றாள் சரளா. "அது இருக்கட்டும். நாங்கோ நாலு பேரு மாத்தி மாத்திக் கேப்போம். பாட்டை வேற கேசட்ல குடுங்கோ. புதுசு எடுத்துக்கினு வந்துகிறேன்."

"சங்கத்து மெஷின்ல இதைப் பண்ண முடியாதும்மா" என்றார் ராஜகோபால். "அறையைப் பூட்டிட்டேன்."

இப்போது கவனியுங்கள். அறை ஜெயவேலுவுடையது. இன்னொரு சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. என் முதல் வரைவில் அவர் எழுந்து சாவியை எடுத்து, "போ தையலு, மேல போய்ப் படி" என்றார். அதைப் படித்துப் பார்த்த தோழிகள் கண்கலங்கினார்கள். நான் அதை அடித்துவிட்டேன். அவள் வாயைத் திறக்க ஓர் ஆண் கதவைத் திறந்துவிட வேண்டுமா? இரண்டாம் வரைவில் அவர் "குடும்பப் பொம்பளை மாதிரி நடந்துக்க" என்று கத்தினார். அதையும் அடித்தேன், அந்த மனிதர் அப்படிக் கத்தினார் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. சரளா சொன்னபடி அவர் செய்தது: ஒரு வாடிக்கையாளருக்குக் கால் கிலோ ஆணி நிறுத்துக் கொடுத்தார்.

தையல்நாயகி சாவி கேட்கவில்லை.

"உன் பெட்டியில பதிவாகுமா?" என்று சரளாவைக் கேட்டாள்.

"ஆவும்க்கா. ஆனா இங்கே ஒரே சத்தமா கீதே?"

"இருக்கட்டும். எந்த எடத்துல உக்காந்து படிச்சேன்னு கேக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

புத்தகத்தைக் கொண்டுவந்தாள். சிமெண்ட் மூட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். சரளா சிவப்பு விளக்குக்கான பொத்தானைத் தடவிப் பார்த்து அழுத்தினாள். தலைக்குமேல் கடை விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

அந்தக் கேசட்டை நான் கேட்டிருக்கிறேன். லாரி ஹாரன் அடிக்கிறது, அவள் நிறுத்தவில்லை. தகரத்தில் ஆணி கொட்டுகிறது, நிறுத்தவில்லை. யாரோ அரை இன்ச் குழாய் கேட்கிறார்கள். ஜெயவேலு தாழ்ந்த குரலில் "இருப்பா, படிச்சுக்கினு கீறாங்க" என்கிறார். மது ஊற்றப்படுகிறது. ஒருத்தி கோப்பையில் தன் முகத்தைப் பார்த்து இன்னொருத்தி என்று சண்டை போடுகிறாள். ஒருத்தி கோபத்தை மறந்துவிட்டு, எதற்குக் கோபித்தோம் என்று அவனையே கேட்கிறாள். அந்த இடத்தில் சரளா சிரிப்பது பதிவாகியிருக்கிறது. மூட்டை இறக்க வந்தவர் ஒருவரும் சிரிக்கிறார். விமானம் ஒன்று முழு இரைச்சலோடு கூரையைத் தாண்டுகிறது. தையல்நாயகி அதைவிடச் சத்தமாக வாசிக்கிறாள். ராஜகோபாலின் செருப்பு படியேறும் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று பலமுறை ஓட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவர் கடைசிவரை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

[பரீட்சையில் அந்தப் படலத்திலிருந்து கேள்வி வந்ததா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வரவில்லை. வந்திருந்தால்தான் அவள் அதைக் கேட்டது நியாயம் என்று நினைக்கிறீர்களா?]

6

முடிவு என்னிடம் இல்லை.

சங்கம் பெட்டியையும் ரஜாய்களையும் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது. காவியத்தில் இன்னும் பாதி மீதமிருந்தது. தையல்நாயகி அதைச் சரளாவின் பெட்டியில், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்து முடித்தாள். கடைசிக் கேசட் மட்டும் சரளாவிடம் இல்லை. "அது சுத்துல கீது மேடம்" என்றாள். கேட்டவர் இன்னொருவருக்குக் கொடுத்து, அவர் இன்னொருவருக்கு. செங்கல்பட்டில் இருக்கலாம், வேலூரில் இருக்கலாம். கடைசி வாக்கியத்தை அவள் எப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். சரளா சொல்ல மறுத்துவிட்டாள். "நீங்களே கேட்டுக்குங்கோ. நானும் காத்துக்கினுதானே கேட்டேன்?"

ஆகவே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் சங்கத்தின் வாக்கியத்தை அப்படியே, கம்பீரமாகச் சொல்கிறாள். இப்போது அது உண்மை.

அல்லது, "சங்கம்" என்று தொடங்கி, நடந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, பெயர் சொல்லாமல் நிறுத்துகிறாள். [இதை எழுதும்போதே கை மறுத்தது. இவ்வளவும் அந்தப் பெயருக்காகத்தானே?]

அல்லது, பெயரை மட்டும் சொல்கிறாள்.

மூன்றில் எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. நான் கேட்காத ஒன்றைக் கேட்டதாக எழுதினால், ராஜகோபால் செய்யச் சொன்னதைத்தான் நானும் செய்தவளாவேன்: ஒரு குறையின்மேல் "முழுமையாக" என்று ஒட்டுவது.

எனவே அந்த வாக்கியத்தை உங்களிடம் தருகிறேன். உங்கள் பக்கத்தில் இதைப் படிக்க முடியாதவர் யாராவது இருக்கக்கூடும். கண் இல்லாதவர், எழுத்துத் தெரியாதவர், கண்ணாடியைத் தொலைத்தவர், கை வேலையாக இருப்பவர். அவருக்கு இதை வாய்விட்டுப் படியுங்கள். விசிறி ஓடட்டும். யாராவது வந்தால் நிறுத்தாதீர்கள். முடிவில் கீழே உள்ளதைச் சொல்லுங்கள். நான்காம் பகுதியிலோ வேறெங்கோ, அவர் நல்லதுக்கென்று நீங்கள் ஒரு வரியைத் தாண்டியிருந்தால், இரண்டாவது வாக்கியத்துக்கு வருமுன் உங்கள் குரல் அதைக் காட்டிக்கொடுக்கும், அவர் கவனித்துவிடுவார். தாண்டவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், லாரி ஹாரனைவிடச் சத்தமாக:

இத்துடன் இந்தக் கதை முழுமையாக நிறைவு பெற்றது. வாசித்தவர்,